அம்மாவுக்கு எடுத்த ரூம்

1

ஊரிலிருந்து யாரோ பாரிசுக்கு வருகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால் இங்கே இருப்பவர்களுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம் வரும் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். எனக்கு வராது. எத்தனை பேர், எத்தனை நாள், எந்தெந்தப் பொய்யையெல்லாம் மறுபடி தூசி தட்ட வேண்டும் என்று மனசு ஓட ஆரம்பித்துவிடும். பத்தொன்பது வருஷமாக வெளிநாட்டில் இருப்பவன், ஊரில் யாரிடம் எதைச் சொல்லி வைத்திருக்கிறோம் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளாமல் காலம் தள்ள முடியாது.

இந்த முறை செய்தி அனுப்பியவன் அக்கா மகன். "மாமா, அம்மா லூர்து மாதா கோயில் டூர் வருது. அடுத்த மாசம். பாரிஸ்ல ஒரு நாள் ஹோட்டல்ல தங்குறாங்க. ஒங்ககிட்ட சொல்லச் சொல்லல. நானாத்தான் சொல்றேன்."

என் அக்கா லூர்துமேரி எங்கள் ஊரான ஆவூர் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். எனக்கு அ, ஆ எழுதக் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான், எழுதாததற்குக் கையிலேயே போட்டதும் அவள்தான். அப்படிப்பட்டவள் என்னோடு பேசிப் பதினோரு வருஷம் ஆகிறது. கிறிஸ்துமசுக்கு ஒரு படம், ஈஸ்டருக்கு ஒரு படம் அனுப்புவாள். ரெண்டும் ஊர் முழுக்க அனுப்புகிற அதே படம்.

காரணத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். பெற்ற அம்மாவை லாட்ஜில் தங்கச் சொன்ன மகன் என்று ஆவூரில் ஒருவனைச் சொல்வார்கள். அது நான்தான்.

2

அம்மாவுக்கு ஒரு தடவை என் வீட்டைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. பாரிசைப் பார்க்க வேண்டும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. என் வீட்டைத்தான். நான் எங்கே படுக்கிறேன், என் மனைவி ரீட்டா எந்த அடுப்பில் சமைக்கிறாள், பேத்தி எங்கே விளையாடுகிறாள், அவ்வளவுதான் அதற்குத் தெரிய வேண்டும்.

ஊரிலிருந்து சொந்தக்காரரை அழைத்து வீட்டில் தங்கவைக்க வேண்டும் என்றால் இங்கே நகராட்சியில் போய் ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும். இன்னார் என் வீட்டில் இத்தனை நாள் தங்குவார், அவருக்கு என் வீட்டில் இடம் இருக்கிறது என்று. பெற்ற அம்மா மகன் வீட்டுக்கு வர நகராட்சியின் முத்திரை. இதை ஊரில் யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். நானும் முதலில் சிரித்தேன்.

வாடகைப் பத்திரம், சம்பளச் சீட்டு, கரண்ட் பில், எல்லாவற்றுக்கும் ரெண்டு நகல். வரிசையில் நின்று கொடுத்தேன். ஒரு பேப்பர் குறைகிறது என்று திருப்பி அனுப்பினார்கள். அதையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு நாள் காலையில் ஒரு அம்மாள் வீட்டைப் பார்வையிட வந்தாள். நல்ல மனுஷி. கையில் ஒரு சின்ன கருவி, அதைச் சுவரில் வைத்து அமுக்கினால் எதிர்ச் சுவர் எவ்வளவு தூரம் என்று எண் வரும். அதை அமுக்க அவளுக்கு நாலு தடவைக்கு மேல் வேலை இருக்கவில்லை. என் வீடு பத்தொன்பது சதுர மீட்டர். ஒரே அறை. அதிலேயே அடுப்பு, அதிலேயே கட்டில், அதிலேயே எங்கள் மூன்று பேர். ரீட்டா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, குழந்தையின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள். ரெண்டு வாரத்தில் கடிதம் வந்தது. இன்னொரு ஆள் தங்குவதற்கு இந்த வீட்டில் போதிய இடம் இல்லை, விண்ணப்பம் மறுக்கப்படுகிறது.

அன்றைக்கே ஊருக்குப் போன் போட்டு உள்ளதைச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது. சொல்லவில்லை. ஏனென்றால் ஊர் நினைப்பில் எனக்கு பாரிசில் ரெண்டு பெட்ரூம் வீடு இருந்தது. நான் வேலை பார்த்த ரெஸ்டாரன்ட் முதலாளி ஒரு கிறிஸ்துமசுக்கு எங்களை வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். அவர் ஹாலில், அவர் சோபாவில், அவர் வைத்த மரத்துக்குப் பக்கத்தில் நானும் ரீட்டாவும் குழந்தையும் உட்கார்ந்து ஒரு படம் எடுத்தோம். அதை ஊருக்கு அனுப்பினேன். இது என் வீடு என்று நான் எழுதவில்லை. இல்லை என்றும் எழுதவில்லை. அம்மா அதைப் பெரிதாகப் பிரேம் போட்டு மாதா படத்துக்குக் கீழே மாட்டிவிட்டது. அதற்கப்புறம் எந்த முகத்தோடு பத்தொன்பது சதுர மீட்டர் என்று சொல்வது?

விசாவுக்கு வேறு ஒரு வழி இருந்தது. நகராட்சிச் சான்றிதழ் இல்லாவிட்டால் ஹோட்டலில் அறை எடுத்ததற்கான சீட்டைக் காட்டலாம். எங்கள் தெருவிலிருந்து ரெண்டு தெரு தள்ளி ஒரு சின்ன ஹோட்டல். ரெண்டு வாரத்துக்கு ஒரு ரூம் எடுத்தேன். ஜன்னலைத் திறந்தால் ஒரு பூங்கா தெரியும், கீழ்த்தளம், படி ஏற வேண்டாம், எல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் எடுத்தேன். அம்மாவுக்குக் காது மந்தம், போனில் பேசினால் ஒன்றும் கேட்காது. எதைச் சொல்வதானாலும் அக்காவிடம் சொல்வேன், அக்கா அம்மாவின் காதுக்குப் பக்கத்தில் போய்ச் சொல்வாள், அம்மா சொல்வதை எனக்குத் திருப்பிச் சொல்வாள். அன்றைக்கும் அக்காவிடம்தான் சொன்னேன். அம்மா ராத்திரிக்கு மட்டும் ஹோட்டலில் படுத்துக்கொள்ளட்டும், பகலெல்லாம் எங்களோடு இருக்கட்டும் என்று. ஏன் என்று அவள் கேட்டதற்கு, இங்கே சட்டம் அப்படி என்றேன்.

அம்மாவிடம் சொல்கிறேன் என்று போனை வைத்தாள். மறுநாள் அவளே கூப்பிட்டாள்.

"அம்மா வரலன்னுருச்சு. பெத்த மகன் வீடு இருக்கயில நான் எதுக்கு லாட்ஜுல போயி கெடக்கணும்னு கேக்குது. என்னத்தச் சொல்ல?"

ரூமை ரத்து செய்தேன். அடுத்த வருஷம் அம்மா செத்துப்போனது.

3

நான் போய்ச் சேர்ந்தது மூன்றாம் நாள். இந்த நாட்டில் தங்க அனுமதிக்கிற என் அட்டை புதுப்பிக்கப் போயிருந்தது, அதற்குப் பதிலாகக் கொடுத்த சீட்டை வைத்துக்கொண்டு வெளியே போனால் திரும்ப உள்ளே விடுவார்களா என்று கேட்டுச் சொல்லவே அந்த அலுவலகத்துக்கு ஒன்றரை நாள் ஆனது. கல்லறையில் மண் மேடும் வாடிய மாலைகளும்தான் இருந்தன. எல்லோரும் ஒரு பிடி மண் போட்டிருக்கிறார்கள். நான் போடவில்லை.

கல்லறை வாசலில் ஒரு பங்காளி என் தோளில் கைவைத்துச் சொன்னார்: "தம்பி எங்கிட்டுத் தங்குறீங்க? கீரனூர்ல நல்ல லாட்ஜு வந்துருக்கு. ஏசி எல்லாம் இருக்கு." சுற்றி நின்ற நாலைந்து பேர் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டார்கள். அக்காவும் அங்கேதான் நின்றாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்றைக்கு எனக்கு வீட்டில் சோறு கிடைத்தது. ஆனால் அதைப் போட்டவள் பக்கத்து வீட்டுப் பெண். அக்கா அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை.

எங்கள் பக்கம் ஒருவர் வீட்டில் கை நனைப்பது என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். ஒரு வாய்ச் சோறு தின்றுவிட்டுக் கை கழுவினால் உறவு இருக்கிறது என்று அர்த்தம். வாசல்வரை வந்து, நலம் விசாரித்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டால் அதற்கும் ஒரு அர்த்தம் இருக்கிறது. நாலு வருஷத்துக்கு அப்புறம் நகராட்சி எங்களுக்கு வேறு வீடு ஒதுக்கியது. நிஜமாகவே ரெண்டு பெட்ரூம். இப்போது எந்தக் கருவியை வைத்து அளந்தாலும் ஒரு அம்மா தங்குவதற்கு இடம் உண்டு. குழந்தை முதல் தடவை நற்கருணை வாங்குகிற புதுநன்மை விழாவுக்கு வரச்சொல்லி அக்கா மகன் மூலமாகச் சொல்லி அனுப்பினேன். "அம்மா வராத வீட்டுல நான் போயி கை நனைக்கிறதா?" என்று பதில் வந்தது.

அப்புறம் நான் கேட்கவில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியம் எனக்குள் கிடந்து அரித்துக்கொண்டே இருந்தது. ஒரு வேளை, ஒரே ஒரு வேளை அக்கா என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் போதும், ஊர் வாய் அடங்கும் என்று நினைத்தேன். ஊரை விடுங்கள். எனக்கே அது வேண்டியிருந்தது.

4

டூர் கும்பல் விமான நிலையத்திலிருந்து வந்து இறங்கிய ஹோட்டல் நகரத்துக்குள் இல்லை. நெடுஞ்சாலை ஓரத்தில், ஒரு டயர் கடைக்கும் பெரிய பார்க்கிங்குக்கும் நடுவில் இருந்தது. பாரிஸ் என்று நம்பி வந்தவர்கள் ஜன்னல் வழியாக லாரிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முப்பத்தெட்டுப் பேர். எல்லோர் தலையிலும் எலுமிச்சை நிறத் தொப்பி, கழுத்தில் பெயர் அட்டை. பாதி பேர் எங்கள் பக்கத்துக்காரர்கள், மீதி திருச்சி. கூட்டி வந்த பாதர் சின்ன வயசுக்காரர், பாவம், கண்ணெல்லாம் சிவந்து போயிருந்தது.

அக்கா ஒரு தூணுக்குப் பக்கத்தில் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். சேலைக்கு மேலே ஸ்வெட்டர், காலில் சாக்ஸ் போட்ட செருப்பு. முடி முழுக்க வெளுத்திருந்தது. நான் கிட்டே போனேன். எழுந்து நின்றாள்.

"வாங்க தம்பி. நல்லாருக்கீங்களா? வீட்ல எல்லாம் சௌக்கியமா?"

டா போட்டுக் கூப்பிட்டவள். பெல்ட் கழன்ற டவுசரோடு என்னைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போனவள். ஊர்ப் பஞ்சாயத்துக்கு வந்த பெரிய மனுஷனைக் கேட்பதுபோலக் கேட்டாள். நல்லா இருக்கேங்க்கா என்றேன். பக்கத்திலிருந்த அம்மாவிடம், "இவரு எங்க தம்பி, இங்கனதான் இருக்காரு" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது.

அப்போது மணி பத்தரை. அறை மூன்று மணிக்குத்தான் கிடைக்குமாம். விமானத்தில் பத்து மணி நேரம் உட்கார்ந்து வந்தவர்கள், பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள், கால் வீங்கிப்போய் உட்கார்ந்திருக்கிறார்கள். டூர் மேனேஜர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனவர் வெளியேதான் இருந்தார். பாதர் என்னைப் பார்த்தார். "நீங்க கொஞ்சம் பேசிப் பாருங்களேன், ஒங்களுக்கு பாஷை தெரியும்ல" என்றார்.

கவுன்டரில் இருந்த பெண்ணிடம் போய்ப் பேசினேன். வயதானவர்கள், களைத்திருக்கிறார்கள், காலியாக இருக்கிற அறைகளையாவது முதலில் கொடுங்கள் என்று அழகாகத்தான் சொன்னேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். நான் மறுபடி பிரெஞ்சில் கேட்டேன். அவள் மறுபடி ஆங்கிலத்தில், இன்னும் மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோல, மூன்று மணி சார் என்றாள். பத்தொன்பது வருஷம். இந்த நாட்டில் எனக்கு வரி இருக்கிறது, முதுகுவலி இருக்கிறது, இந்த மொழியிலேயே மூச்சுவிடுகிற ஒரு மகள் இருக்கிறாள். வாயைத் திறந்தால் மட்டும் நான் அன்றைக்குக் காலையில் வந்து இறங்கியவன்.

என் மகள் செலின் சொல்வாள், அப்பா நீ மனு எழுதுகிற மாதிரி பேசுகிறாய் என்று. உண்மைதான். நான் இந்த மொழியைக் கற்றது அலுவலக வரிசைகளில். கோபப்பட எந்த வரிசையிலும் சொல்லித்தரவில்லை. அதனால் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். பின்னால் இருந்த ஒரு பெரியவர், "என்னமா பேசுறாரு பாருங்க" என்று பாதரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

5

மூன்றரைக்கு அறைகள் வந்தன. ஒவ்வொருவர் கையிலும் சாவிக்குப் பதில் ஒரு அட்டை. யார் எந்த மாடி, எந்தப் பக்கம் என்று பிரித்துச் சொல்லி, லிஃப்டில் ஏற்றி, பெட்டிகளைத் தூக்கி, கதவைத் திறந்து காட்டி நான்தான் விட்டேன். டூருக்கு வந்த கூலியாள் என்றே சிலர் நினைத்துவிட்டார்கள். ஒரு அம்மா என் கையில் காசு வைக்கப் பார்த்தது.

எல்லோரையும் விட்டுவிட்டு அக்காவின் அறைக்குப் போகலாம் என்று திரும்பினால், நடைபாதையில் ஒரு பெரியவர் நிற்கிறார். "தம்பி, கரண்டு போயிருச்சு." எட்டிப் பார்த்தேன். உள்ளே திரையை இழுத்துவிட்ட இருட்டில் அவருடைய மனைவி கட்டிலில் உட்கார்ந்து, தொப்பியால் விசிறிக்கொண்டிருக்கிறார். பக்கத்து அறையிலும் இருட்டு. அதற்கடுத்த அறையிலும். யாரும் யாரையும் கூப்பிடவில்லை, புகார் சொல்லவில்லை. போன கரண்டு வரும்வரை உட்கார்ந்திருப்பது நமக்குப் பழக்கம்தானே. விஷயம் என்னவென்றால், கதவுக்குப் பக்கத்தில் உள்ள பெட்டியில் அந்த அட்டையைச் செருகி வைத்தால்தான் விளக்கு எரியும். நான் செருகிக் காட்டிவிட்டுத்தான் வந்தேன். சாவியை யாராவது சுவரில் விட்டு வைப்பார்களா? என் தலை மறைந்ததும் பத்திரமாக உருவி, பர்சிலும் இடுப்பிலும் சொருகிக்கொண்டுவிட்டார்கள். அக்காவின் அறை போக மற்ற பதினெட்டு அறைக்கும் மறுபடி போய்ச் சொன்னேன். சிரிப்பு வந்தது. அன்றைக்கு நான் சிரித்தது அது ஒன்றுக்குத்தான்.

அப்புறம் பாத்ரூமில் மக் இல்லை. ஆண்கள் என்னிடம் ஜாடையாகச் சொன்னார்கள், பெண்கள் பாதரிடம் சொல்ல முடியாமல் தவித்தார்கள். நெடுஞ்சாலையைத் தாண்டி ஒரு சூப்பர் மார்க்கெட். அங்கே மக் என்று ஒன்று கிடையாது. மாவு அளக்கிற பிளாஸ்டிக் குவளை, கைப்பிடியோடு, இருந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தேன். பதினொன்றுதான் இருந்தது. அறைக்கு அறை மாற்றி வைத்துக்கொள்ளச் சொன்னேன். என்னை அப்போது அவர்கள் வாழ்த்தியதைப் போல இந்த ஊரில் ஒருவரும் என்னை வாழ்த்தியதில்லை.

கடைசியில் அக்காவின் அறை. கூட இருக்கிற அம்மா குளித்துக்கொண்டிருந்தார். கதவைத் திறந்து பிடித்தபடியே அக்கா நின்றாள். நானும் வாசலிலேயே நின்றேன்.

"நாளைக்கி எல்லாரும் டவரு பாக்கப் போறாங்க. ரெண்டு மணிக்குத்தான் லூர்துக்குப் பஸ்ஸு. காலைல வந்து ஒன்னயக் கூட்டிட்டுப் போறேன். ரயில்ல முக்கா மணி நேரந்தான். வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்ட்டுட்டு வந்துரலாம். பாதர்கிட்ட கேட்டுட்டேன், சரின்னுட்டாரு."

"டவரு பாக்கணுமே."

"டவரு எங்கயும் போயிராது."

அவள் உள்ளே திரும்பிக் கட்டிலைப் பார்த்தாள். வெள்ளை விரிப்பு, ரெண்டு தலையணை. வெகுநேரம் அதையே பார்த்தாள். "பாப்போம்" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையை எடுத்துக்கொண்டு நான் வீட்டுக்கு ஓடினேன். ரீட்டா கீரனூர்க்காரி, சமையலில் கெட்டிக்காரி. மட்டன் வாங்கி வரச்சொன்னாள், வாழை இலைக்கு எங்கேயோ இலங்கைக் கடை வரைக்கும் போகச்சொன்னாள். செலினிடம் நாளைக்குப் பள்ளிக்கூடம் லீவு போடு, அத்தை வாராங்க என்றேன். யார் என்று கேட்டாள். சொன்னேன். "உனக்குச் சொந்த அக்கா இருக்காங்களா?" என்று பிரெஞ்சில் கேட்டாள். தமிழ் அவளுக்குப் புரியும், வாயில் வராது. அவளுக்கு நான் சொல்லவே இல்லையே.

6

மறுநாள் ஒன்பதரைக்கு ஹோட்டலில் இருந்தேன். பஸ் போய்விட்டிருந்தது. அக்கா டவருக்குப் போகவில்லை, அறையில்தான் இருக்கிறாள் என்று கவுன்டரில் சொன்னார்கள். அதைக் கேட்டதுமே எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கதவைத் தட்டினேன். திறந்தாள். அழுத முகம்.

கட்டிலில் ஒரு சுருக்கம் இல்லாமல் விரித்து வைத்திருந்தாள். பாத்ரூமைக் கழுவித் துடைத்திருந்தாள், வேலைக்கு வருகிற பெண் நம்ம அழுக்கை எதுக்குத் தொடணும் என்று. ஒரே ஒரு நாற்காலி. என்னை அதில் உட்காரச் சொல்லிவிட்டு அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். இனிமேல் எப்போது சொல்வது என்று நான் கொண்டுபோயிருந்த கடிதத்தை எடுத்தேன். நகராட்சி அனுப்பிய அதே கடிதம். படித்துத் தமிழில் சொன்னேன். பத்தொன்பது சதுர மீட்டரைச் சொன்னேன். அளந்த அம்மாளைச் சொன்னேன். சோபாவில் எடுத்த படம் யார் வீட்டில் எடுத்தது என்பதையும் சொன்னேன். சொல்லி முடித்தபோது எனக்கு முதுகிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிய மாதிரி இருந்தது. அக்கா திட்டுவாள், அப்புறம் அழுவாள், அப்புறம் எழுந்து செருப்பை மாட்டுவாள் என்று நினைத்தேன்.

அவள் கட்டில் விரிப்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அம்மாவுக்கு எடுத்த ரூமும் இப்பிடித்தான் இருந்துச்சா?"

"இத விட நல்லாருந்துச்சு. ஜன்னல்ல பூங்கா தெரியும்."

"சுடுதண்ணி வருமா?"

"வரும்க்கா. ஏன்?"

"நேத்து இந்தக் கட்டில்ல படுத்ததுலேருந்து பொட்டுத் தூக்கம் இல்லடா."

டா என்றாள். பதினோரு வருஷத்துக்கு அப்புறம்.

"அம்மா வரமாட்டேன்னு சொல்லல" என்றாள். "வாரேன்னுதான் சொன்னுச்சு. லாட்ஜா இருந்தா என்ன, விடிஞ்சா அவன் வந்து கூட்டிட்டுப் போவான்லன்னு சொன்னுச்சு. ஸ்வெட்டர் கேட்டுச்சு, வாங்கிக் குடுத்தேன். பெட்டியக் கட்டி வச்சுருச்சு. நாந்தான்டா. எனக்கு லாட்ஜுன்னா கீரனூர் பஸ் ஸ்டாண்டு லாட்ஜுதான் கண்ணுல நிக்கிது. அங்கிட்டு யாரு தங்குவா, ஒனக்குத் தெரியாதா? டீச்சரம்மா தாயார லாட்ஜுல போட்டுட்டான்னு நாலு பேரு கேட்டா நான் பள்ளிக்கூடத்துல எப்பிடி நிக்கிறது? ரீட்டாதான் வேணாம்னுருக்கும்னு வேற நெனச்சுக்கிட்டேன். அதான் அம்மா வரலன்னு ஒங்கிட்ட சொன்னேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கேட்டேன்.

"அம்மாகிட்ட என்ன சொன்ன?"

அவள் விரிப்பின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள்.

"பெட்டியக் கட்டி வச்சிருந்துச்சுங்கிற. அதுகிட்ட என்னத்தச் சொல்லி நிப்பாட்டுன?"

"நீ வேணாம்னுட்டேன்னு சொன்னேன்."

நடைபாதையில் யாரோ தூசு உறிஞ்சும் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அது எங்கள் கதவைத் தாண்டிப் போனதும் கேட்டேன்.

"அம்மா என்ன சொன்னுச்சு?"

"ஒண்ணும் சொல்லல. அவனுக்கு என்ன கஷ்டமோன்னுச்சு. ரெண்டு மாசம் பெட்டியப் பிரிக்காம வச்சிருந்துச்சு. அப்பறம் அதுவே பிரிச்சுருச்சு."

பதினோரு வருஷம் என் மேல் கோபமாக இருக்கிறாள் என்று நினைத்தேன். கோபம் இல்லை, என் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பயம். கல்லறை வாசலில் அந்தப் பங்காளி பேசியபோது வாயை மூடிக்கொண்டு நின்றாளே, அது எனக்கு இப்போது விளங்கியது. ஊர் என்னைச் சொன்னதெல்லாம் இருக்கட்டும். அம்மா என்னை என்னவென்று நினைத்துக்கொண்டு செத்தது? வேண்டாம் என்று சொன்ன மகன். அதற்குக் காது கேட்காது. என் குரலை அதனிடம் கொண்டுபோகிறவள் இவள் ஒருத்திதான் இருந்தாள்.

அவள் பொய் சொன்னாள் என்றால் நானும்தான் சொன்னேன். நான் முதலிலேயே உள்ளதைச் சொல்லியிருந்தால் அவளுக்கு ரீட்டா மேல் சந்தேகம் வந்திருக்காது. இது எனக்கு அப்போதே தெரிந்தது. தெரிந்து என்ன? எனக்கு அவளைப் பிடித்துக் குலுக்க வேண்டும் போல இருந்தது. அறுபத்தைந்து வயது, வெளுத்த முடி, சாக்ஸ் போட்ட கால். கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அக்கா எழுந்து பாத்ரூமுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். ஸ்வெட்டரைப் போட்டாள். குனிந்து செருப்பை மாட்டினாள். பெயர் அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள். என் முன்னால் வந்து நின்றாள்.

"சொல்லிட்டேன். இனிமே ஒன் வீட்டுல கை நனைக்கலாம்ல? வாடா, போவோம். ரீட்டாவையும் புள்ளையையும் பாக்கணும்."

இந்த ஒன்றுக்காகத்தான் பதினோரு வருஷம் காத்திருந்தேன். வீட்டில் இலை நறுக்கி வைத்திருக்கிறது. ரீட்டா விடியக் காலையிலிருந்து அடுப்பில் நிற்கிறாள்.

"வேணாம்க்கா" என்றேன். "நேரம் பத்தாது. பஸ்ஸ விட்ருவ."

அவள் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். பத்து இருபது. டீச்சர், அவளுக்குக் கணக்குத் தெரியாதா? மறுபடி ஒரு தடவை என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் கட்டிலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்ற ஆரம்பித்தாள்.

7

வீட்டுக்கு வந்தபோது கதவைத் திறந்தவள் செலின். சுடிதார் போட்டிருந்தாள், எங்கிருந்து எடுத்தாளோ, கை குட்டையாகிவிட்டது. என் பின்னால் எட்டிப் பார்த்தாள். லிஃப்ட் மூடியிருந்தது.

ரீட்டா கரண்டியோடு வந்தாள். "அக்கா எங்க?"

ரயிலில் வரும்போது என்ன சொல்வது என்று நான் யோசிக்கவே இல்லை. யோசிக்காமலேயே வந்தது.

"வரமாட்டேன்னுட்டா."

ரீட்டா அப்படியே நின்றாள். மேசையில் நாலு இலை. குழம்பு வாசம் படிவரைக்கும் வந்திருந்தது. செலின் பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்துவிட்டு அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்திய சத்தம் பெரிதாக இருந்தது.

"அம்மா செத்து இத்தன வருஷம் ஆச்சு. பாரிஸ் வரைக்கும் வந்துட்டு இன்னமும் அப்பிடி என்னங்க வைராக்கியம் அவங்களுக்கு?" என்று ரீட்டா கேட்டாள். நான் கை கழுவப் போனேன். திரும்பி வந்தபோது எனக்கு ஒரு இலையில் சோறு போட்டு வைத்துவிட்டு, கீரனூருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் அம்மாவிடம் சொன்னால் அரை மணி நேரத்தில் ஆவூர்வரைக்கும் போய்விடும். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"ஆமாம்மா, இவரு போயி கூப்ட்டுருக்காரு, வரமாட்டேன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிட்டாங்களாம். இந்தா, பக்கத்துலதான் இருக்காரு, நீங்களே கேளுங்க" என்று ரீட்டா போனை என் காதில் வைத்தாள்.

"அப்பிடியா மாப்ள சொன்னாங்க?" என்று மாமியார் கேட்டார்.

வாயில் சோறு இருந்தது. மென்று விழுங்கினேன்.

"ஆமா அத்த" என்றேன். "அவதான் வரமாட்டேன்னுட்டா."